தெருவிளக்கும் ஒரு ரூபாய்ச் சம்பளமும்



தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்து ஹைகோர்ட் ஜட்ஜ் ஆன ஒரு ஏழைப் பையனின் கதையை நாம் எல்லோருமே சின்ன வயசில் கேட்டிருப்போம். எங்க ஊர் கெடாரில் கரண்ட் போகும்போதெல்லாம் எங்கள் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவார். வீட்டுப்பாடம் எழுதாததற்குக் கரண்ட் இல்லை என்று காரணம் சொல்ல முடியாது பாருங்கள்! ஆனால் அந்தப் பையனின் பெயர் என்ன, ஊர் எது, அவர் எப்படிப் படித்தார், என்ன பரீட்சை எழுதினார் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாதுதான்.

போன வருஷம் நான் முதல் தடவையாக குரூப் 4 தேர்வு எழுதினேன். ரிசல்ட் வந்தபோது என் நம்பர் பட்டியலில் இல்லை. எங்க மாமா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அதெல்லாம் எழுதிப் பாஸ் பண்ணுகிற வீடு வேற, நம்ம வீடு வேற என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. எங்க வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அம்மா மல்லாட்டை பிடுங்கப் போகிறவர். எங்களுக்கு முன்னால் ஒருத்தரும் நடந்த பாதை இல்லை. அதனால் மாமாவுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. எனக்கும் அன்று ராத்திரி அப்படித்தான் தோன்றியது.

அப்போதுதான் அந்தத் தெருவிளக்குப் பையனைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவர் நிஜமாகவே ஏழையா, இல்லை கதைக்காக ஏழையாக்கி வைத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

திருவாரூர்ச் சிறுவன்

அவர் பெயர் முத்துசாமி. பிற்காலத்தில் சர் தி. முத்துசாமி ஐயர் என்று உலகம் அழைத்தது. 1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் உச்சுவாடி என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துபோனார். தாயார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவாரூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. ஆகவே பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில் முத்துசாமி வேலைக்குப் போனார். கிராமக் கணக்கருக்கு உதவியாள் வேலை. மாதச் சம்பளம் ஒரே ஒரு ரூபாய்!

நண்பர்களே, அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் ஒரு குடும்பம் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை. அந்த ஒரு ரூபாய் வேலையில் இருக்கும்போதே தாயாரும் இறந்துபோனார். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கையில் பிறர் வீட்டு நிலக்கணக்கு மட்டும்தான்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முத்துசாமி ஏழைதான், ஆனால் எழுத்து அவருக்கு அந்நியம் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பத்தில், படிப்பை மதிக்கிற தெருவில் பிறந்தவர் அவர். அதே 1840களில் அதே திருவாரூரில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு கூலியாளின் பிள்ளைக்குக் கணக்கரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும் வாய்ப்பே கிடைத்திருக்காது. என் பாட்டனாருக்கும் பாட்டனார் அன்று எங்கே நின்றிருப்பார் என்று யோசித்தால், முத்துசாமிக்கு இருந்த வறுமை அவருக்கும் இருந்தது, முத்துசாமிக்குக் கிடைத்த எழுத்தாணி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்வதால் முத்துசாமியின் பெருமை குறைந்துவிடாது. கதையை முழுசாகச் சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

தாசில்தார் கண்ணில் பட்டவர்

தெருவிளக்குக் கதையில் நம்ம வாத்தியார்கள் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒரு மனிதர் இருக்கிறார். அவர் அந்தப் பகுதியின் தாசில்தார். அவர் பெயரும் முத்துசாமிதான்! முத்துசாமி நாயக்கர். கணக்கர் வேலையில் இருந்த இந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வதையும், சொன்ன வேலையைச் சுத்தமாக முடிப்பதையும் அவர் கவனித்தார். ஒருமுறை வெள்ளத்தால் கரை உடைந்த சமயத்தில் விவரம் விசாரித்து வர வேறு ஆள் இல்லாமல் இந்தப் பையனை அனுப்பினார் என்றும், அவன் கொண்டுவந்த விவரம் பிறகு விசாரித்தபோது அப்படியே சரியாக இருந்தது என்றும் அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் சொல்வார்கள்.

தாசில்தார் நினைத்திருந்தால், பையன் கெட்டிக்காரன், நம்ம ஆபீசிலேயே எடுபிடியாக இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இவன் இங்கிலீஷ் படிக்க வேண்டியவன் என்று முடிவு செய்தார். படிப்புக்கு ஏற்பாடு செய்து சென்னைக்கு அனுப்பிவைத்தார். ரயில் கிடையாது. சென்னையிலிருந்து முதல் ரயில் ஓடியதே 1856இல்தான். திருவாரூரிலிருந்து சென்னைக்கு வருவதென்றால் அது பல நாள் பிரயாணம்.

சென்னையில் அவர் படித்தது அன்று அரசாங்கம் நடத்திய உயர்நிலைப் பள்ளியில். அந்தப் பள்ளிதான் 1855இல் மாநிலக் கல்லூரியாக, அதாவது பிரசிடென்சி காலேஜாக வளர்ந்தது. அங்கே தலைவராக இருந்தவர் ஏர் பர்ட்டன் பவல் என்ற ஆங்கிலேயர். இந்தத் தாய் தகப்பன் இல்லாத மாணவனை அவர் தட்டிக்கொடுத்து வளர்த்தார்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தார் என்ற கதை இந்தக் காலத்தைப் பற்றியதுதான். அப்போது மின்சார விளக்கு ஏது? தெருவில் இருந்ததெல்லாம் எண்ணெய் விளக்கு. காற்று அடித்தால் ஆடும், எண்ணெய் தீர்ந்தால் அணையும். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒருவர் இங்கிலீஷ் புத்தகம் படித்தார் என்றால் கண் எவ்வளவு எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாம் செல்போன் வெளிச்சத்திலாவது படித்துவிடுகிறோம்.

1854ஆம் ஆண்டு மாகாணத்தின் கல்வி நிர்வாகம் ஒரு ஆங்கிலக் கட்டுரைப் போட்டி நடத்தியது. பரிசுத் தொகை 500 ரூபாய். முத்துசாமி அதை வென்றார். மாதம் ஒரு ரூபாய் சம்பாதித்த பையன் ஒரே ஒரு கட்டுரைக்கு 500 ரூபாய் வாங்கினான்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய வேலையில் அந்தத் தொகையைச் சம்பாதிக்க நாற்பத்தோரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

பரீட்சை மேல் பரீட்சை

இதற்குப் பிறகுதான் நமக்கு வேண்டிய விஷயம் வருகிறது. அரசாங்கத்தில் உயர்ந்த பதவிகளுக்கு லண்டனில் போட்டித் தேர்வு நடத்தும் முறை 1855இல் தொடங்கியது. இந்தியன் சிவில் சர்வீஸ், சுருக்கமாக ஐ.சி.எஸ். சட்டப்படி இந்தியரும் எழுதலாம். ஆனால் கப்பல் ஏறி லண்டன் போக வேண்டும், அங்கே தங்கிப் படிக்க வேண்டும். லத்தீன், கிரேக்கத்துக்கு நிறைய மதிப்பெண். இந்தியர்களில் முதன்முதலாக அதில் தேறியவர் சத்தியேந்திரநாத் தாகூர். ஆண்டு 1863. அவர் வங்காளத்தின் பெரிய செல்வக் குடும்பத்துப் பிள்ளை, கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன். வயது வரம்பும் சிறியது. 1878இல் அதை 19 ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டுப் பிள்ளை 19 வயதுக்குள் இங்கிலீஷ் கற்று, கடல் தாண்டி, வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். கதவு திறந்திருக்கிறது, ஆனால் வாசற்படி கழுத்து உயரம்!

முத்துசாமிக்கு 1855இல் 23 வயது. லண்டன் கப்பலைப் பற்றி அவர் கனவுகூடக் கண்டிருக்க முடியாது. ஆகவே அவர் நம் நாட்டுக்குள்ளேயே இருந்த சின்னப் படிகளில் ஏற ஆரம்பித்தார். முதலில் தஞ்சாவூர் கலெக்டர் கச்சேரியில் பதிவேடுகளைக் காக்கும் வேலை. பிறகு பள்ளிகளின் துணை ஆய்வாளர். அந்தச் சமயம் அரசாங்கம் நீதித்துறையில் பிளீடர் பரீட்சை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முத்துசாமி அதை எழுதினார், முதல் மாணவராகத் தேறினார். சிபாரிசு கடிதம் ஆயிரம் பேசலாம், முதல் ராங்க் பேசினால் எல்லாரும் கேட்டுத்தானே ஆக வேண்டும். தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார்.

அதன் பிறகு அவருடைய ஏற்றத்தை ஆண்டு வாரியாகச் சொல்கிறேன். 1859இல் டெபுடி கலெக்டர். 1865இல் மங்களூரில் சப்ஜட்ஜ். 1868இல் சென்னையில் மாஜிஸ்திரேட். பிறகு ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி. இதற்கு நடுவில் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டிருந்தது. அவர் படித்த காலத்தில் பட்டம் தரும் பல்கலைக்கழகமே இங்கே இல்லை. ஆகவே பட்டம் இல்லாமலே நீதிபதி ஆகிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் இனிமேல் எதற்கு பட்டம் என்று இருந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? உத்தியோகத்தில் இருந்துகொண்டே படித்து பி.எல். பரீட்சை எழுதித் தேறினார். பகலில் மற்றவர்களுக்குத் தீர்ப்பு சொல்லுகிறவர், பரீட்சை நாளில் இளைஞர்களோடு உட்கார்ந்து தன் விடைத்தாளுக்குத் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தார். அரியர் வைத்துவிட்டு அடுத்த செமஸ்டரில் ஜூனியர் பசங்களோடு உட்கார வெட்கப்படுகிற நண்பர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்!

நாற்காலிக்கு வந்த எதிர்ப்பு

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் ஏற்பட்டது. கல்கத்தாவில் 1863லேயே சம்புநாத் பண்டிட் என்ற இந்தியர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆகிவிட்டார். சென்னையில் மட்டும் பதினைந்து ஆண்டுகளாக ஒரு இந்தியருக்கும் அந்த நாற்காலி கிடைக்கவில்லை. 1877-78இல் அது முத்துசாமி ஐயருக்கு வந்தது.

வந்ததும் சென்னையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஆங்கிலப் பத்திரிகைகள் எதிர்த்து எழுத ஆரம்பித்தன. இத்தனைக்கும் அவர் யார்? எழுதின பரீட்சையில் எல்லாம் முன்னால் நின்றவர். இருபது வருஷம் ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். ஆனாலும் இந்தியர் என்ற ஒரே காரணத்தால் அவரைச் சந்தேகப்பட்டார்கள். பரீட்சையில் தேறினால் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். தேறின பிறகும் அந்த நாற்காலியில் நீ எப்படி உட்காரலாம் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

அவருக்காகப் பதில் சொல்ல அன்று இந்தியர்கள் கையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை இல்லை. இதைப் பார்த்துக் கொதித்துப்போனவர்கள் ஆறு இளைஞர்கள். நாலு பேர் சட்டக் கல்வி மாணவர்கள், இரண்டு பேர் ஆசிரியர்கள். ஆமாம் நண்பர்களே, நம்மைப் போன்ற மாணவர்கள்தான்! அவர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது 23 வயது, வீரராகவாச்சாரியாருக்கு 21. ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்து 1878 செப்டம்பர் 20ஆம் தேதி ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டார்கள். அந்தப் பத்திரிகைதான் தி ஹிந்து. இன்றைக்கும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தினமும் வாசிக்கிற அதே பத்திரிகை, ஒரு போட்டித் தேர்வு எழுதி உயர்ந்த மனிதருக்காகத்தான் பிறந்தது என்றால் ஆச்சரியமாக இல்லையா!

அந்த சுப்பிரமணிய ஐயர்தான் 1882இல் சுதேசமித்திரன் என்ற தமிழ்ப் பத்திரிகையையும் தொடங்கினார். மகாகவி பாரதியார் 1904இல் வேலைக்குச் சேர்ந்த பத்திரிகை அது. 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த மாநாட்டில் நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று, ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்தும் அதே நேரத்தில் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது.

முத்துசாமி ஐயர் யாரோடும் வாய்ச்சண்டை போடவில்லை. உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார். பதினேழு வருஷம் எழுதினார். இந்து சட்டத்தில் அவருடைய தீர்ப்புகளை வக்கீல்கள் பிற்காலத்திலும் எடுத்துக் காட்டினார்கள். 1891இல் மலபார் பகுதியின் திருமண வழக்கங்களை ஆராய அமைத்த குழுவுக்கு அவரையே தலைவராகப் போட்டார்கள். தலைமை நீதிபதியின் பொறுப்பையும் சில மாதம் தற்காலிகமாகப் பார்த்தார். 1893இல் சர் பட்டம் வந்தது. ஆரம்பத்தில் எதிர்ப்பு வந்த அதே நாற்காலியில் இருந்தபடியே 1895 ஜனவரி 25ஆம் தேதி காலமானார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 63 வயது நிறைந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது.

அவருக்குப் பின்னால் திறந்த கதவுகள்

அவர் இறந்து இருபத்தேழு வருஷம் கழித்துத்தான் ஐ.சி.எஸ். தேர்வு இந்தியாவில் நடந்தது. 1922இல் அலகாபாத்தில். 1921இல் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசு, அரசாங்க வேலைகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் வேண்டும் என்று ஆணை போட்டது. 1926இல் இந்தியா முழுவதுக்குமான தேர்வாணையம் வந்தது. 1929இல் சென்னை சர்வீஸ் கமிஷன் வந்தது. இந்திய மாகாணங்களிலேயே முதல் தேர்வாணையம் அதுதான். இன்றைக்கு நாம் டி.என்.பி.எஸ்.சி. என்று சொல்வது அதனுடைய தொடர்ச்சி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு 1980. முத்துசாமி ஒரு ரூபாய்க்கு உதவியாளாக இருந்தாரே, அந்தக் கணக்கர் வேலை, அதாவது கர்ணம் வேலை, தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. அப்பாவுக்குப் பிறகு மகன். மற்றவன் எவ்வளவு படித்திருந்தாலும் அந்தத் திண்ணையில் ஏற முடியாது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரை முறையை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி வந்தது, தேர்வு எழுதி வரலாம் என்று ஆனது. இன்று வி.ஏ.ஓ. பதவி குரூப் 4 தேர்வோடு சேர்ந்தே வருகிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதலாம். 200 கேள்வி, மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். நேர்முகத் தேர்வு கிடையாது. அதனால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க ஆளே இல்லை!

எனக்கு ஏன் அந்த ஆண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ சேர்வதற்கு முன்னால் வருமானச் சான்றிதழ் சம்பந்தமாக அப்பாவும் நானும் ஒரு ஆபீசுக்குப் போனோம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்பா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மை தடவி ரேகை வைத்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வழியெல்லாம் அவர் என்னோடு பேசவே இல்லை. காணை தாண்டும்போதுதான் பசிக்குதா என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், அந்த மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் நான் உட்கார வேண்டும். எங்க அப்பா மாதிரி ஒருத்தர் வந்தால் பேப்பரை நேராக வைத்து, இது என்ன பேப்பர் என்று படித்துக் காட்டிவிட்டு அப்புறம்தான் ரேகை கேட்க வேண்டும்.

நமக்கு என்ன வழி?

டிப்ளமோ படிக்கிற நமக்கு ஐ.ஏ.எஸ். எல்லாம் எட்டுமா என்று கேட்கலாம். நேராக எட்டாது, அதற்குப் பட்டம் வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் படிகள் இருக்கின்றன. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டம் வந்தால் குரூப் 1, குரூப் 2, சிவில் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் வாசல் திறக்கும். சிவில் சர்வீஸ் மெயின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மேலே படிக்க வசதி இல்லையென்றால், டிப்ளமோவை வைத்தே மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம். தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பப் பணித் தேர்வுகளும் உண்டு. முத்துசாமி ஐயரும் ஒரே தாவலில் ஹைகோர்ட்டுக்குப் போகவில்லை. பதிவேட்டு அறையிலிருந்து தொடங்கி முன்சீப், டெபுடி கலெக்டர், சப்ஜட்ஜ், மாஜிஸ்திரேட் என்று ஒவ்வொரு படியாகத்தான் போனார்.

அவருடைய வாழ்க்கையைப் படித்து முடித்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகியது. தெருவிளக்குக் கதையை நாம் தனி ஒருவனின் உழைப்புக் கதையாக மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். உழைப்பு இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திருவாரூரில் ஒரு தாசில்தார் அந்தப் பையனைக் கவனிக்காமல் போயிருந்தால்? சென்னையில் பவல் என்ற ஆசிரியர் தட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால்? அவர் பதவிக்கு வந்த பிறகும் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி ஆறு பேர் அவருக்காக நிற்கவில்லையா? பரீட்சை ஹாலுக்குள் ஒருவன் தனியாகத்தான் போகிறான். ஆனால் அந்த வாசல் வரைக்கும் அவனை யாரோ சிலர் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறார்கள். அப்படிக் கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லாத வீடுகளைத்தான் எங்க மாமா வேற வீடு என்று சொன்னார்.

எனக்கும் ஆள் இருந்தார்கள் என்பது யோசித்தபோதுதான் தெரிந்தது. பத்தாவதில் எனக்குக் கணக்கு வராதபோது ஞாயிற்றுக்கிழமைகளில் வரச்சொல்லிச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர். விழுப்புரத்தில் தேர்வு எழுதப் போன அன்று கூலிக்குப் போகாமல் என்னோடு வந்து, மூன்று மணி நேரமும் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பா. படிக்கத் தெரியாத அவர் என் ஹால் டிக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார், கசங்கிவிடக் கூடாதாம்!

இப்போது எங்க ஊரில் நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து சாயங்காலத்தில் படிக்கிறோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடப் புத்தகங்களை முதலில் முடிப்பது என்று வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு எட்டாவது பையன் ஒருவனும் வந்து உட்காருகிறான். அவனுக்கு வீட்டில் டிவி சத்தம், அதனால் வருகிறான். நாங்கள் எழுதிப் பார்க்கிற பழைய கேள்வித்தாளில் அவனுடைய பாடத்திலிருந்து கேள்வி வந்தால் எங்களுக்கு முன்னால் அவன் பதில் சொல்லிவிடுகிறான். போன வாரம் நாலு கேள்விக்குச் சொன்னான். அதில் ஒன்று போன வருஷம் நான் தப்பாக எழுதிவிட்டு வந்த கேள்வி.

அடுத்த அறிவிப்பு வந்ததும் நான் மறுபடியும் எழுதுவேன். இந்த முறையும் வரவில்லை என்றால் அதற்கு அடுத்த முறையும் எழுதுவேன். நண்பர்களே, நம் கல்லூரியிலும் இப்படி நாலு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து படிக்கலாமே! என்னிடம் இருக்கிற குறிப்புகளையும் பழைய கேள்வித்தாள்களையும் யார் கேட்டாலும் தருகிறேன். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் இருப்பேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும், அடுத்தவருக்கு வேண்டுமல்லவா!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை, கெடார்